காப்பு கட்டிய ஊரின் ரத்தம்

டென்மார்க்கில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைப் பெரிய தம்ளரில் ஊற்றி மடக்மடக்கென்று குடிப்பார். வந்த புதிதில் மரியாதைக்காக நானும் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பாலைச் செரிக்க வைக்கும் மரபணு அவர்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதை இயக்கும் சுவிட்ச்தான் வேறு. குழந்தைப் பருவம் தாண்டியதும் என்னுடையது அணைந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அணைவதே இல்லை.

இப்படிப்பட்ட சுவிட்சுகளை ரத்தத்தில் தேடுவதுதான் இங்கே என் வேலை. இதுவரை தேடியதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ரத்தத்தில். நம்மிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம் அவர்களிடம் அபூர்வமாக இருந்தால், அங்கே அது கண்ணிலேயே படாது. அவர்களை வைத்துப் போட்ட நோய், மருந்துக் கணக்கு நமக்குப் பல இடங்களில் பொருந்தாமல் போவது அதனால்தான். எங்கள் ஊர் ரத்தமும் வேண்டும் என்று குழுத் தலைவர் மாக்னுஸிடம் மல்லுக்கட்டினேன். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. வீட்டுக்கு ஒருவராவது அங்குள்ள கம்பெனிகளில் ஷிப்ட் வேலையில் இருப்பார். அதுதான் அவருக்கு உறுத்தியது. இரவு ஷிப்ட் உடம்பின் கடிகாரத்தையே குலைத்து மரபணுக்களின் வேலையையும் மாற்றிவிடும், அந்தக் குழப்பத்தில் சுவிட்ச் தெரியாது என்றார். கொண்டு வா பார்க்கலாம், குழம்பியிருந்தால் சேர்க்க மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். சேர்க்காவிட்டால் எங்கள் குழு போடும் சுவிட்ச் வரைபடத்தில் நாம் இல்லவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஐஸ் பெட்டியோடு போய் இறங்கியது ஆடி மாதம். சித்தி மகள் செல்வி, செல்போன் கம்பெனியில் லைனில் நிற்பவள், என் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, ஊர்ல காப்பு கட்டிட்டாங்க. இப்ப வந்து ஊசி குத்தணும்ன்ற?"

அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரை எங்கள் ஊரில் யாரும் ரத்தம் சிந்தக் கூடாது; ராத்திரி எல்லை தாண்டித் தங்கவும் கூடாது. இதை மறந்து டிக்கெட் போட்டிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ராத்திரி வெளிய தங்கக் கூடாதுன்னா, நைட் ஷிப்ட்டு?"

"யார் போறது? சூப்பர்வைசருக்கே தெரியும். காப்பு அவுக்கிற வரைக்கும் எங்காளுங்க எல்லாருக்கும் பகல் ஷிப்ட்டுதான். ஓ.டி. கூடக் கிடையாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே ஒன்றாக ராத்திரி தூங்குகிறது. ஊரே கவிச்சியைத் தொடுவதில்லை. காப்பு அவிழ்க்கும் காலையில் கூழ் வார்க்கும்வரை எல்லோரும் வெறும் வயிறு. எந்த ஆராய்ச்சிக்கூடம் கெஞ்சினாலும் இத்தனை பேர் இப்படி இருக்க மாட்டார்கள்.

திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். அந்தக் காலையில் காப்பு அவிழ்ந்ததும், கூழ் அண்டா திறக்கும் முன், கோவில் பின்புறம் வரிசை நின்றது. ஒப்புதல் கேட்டு, ஊர் நர்சம்மா ரத்தம் எடுத்தார். செல்விதான் வரிசையை அதட்டினாள்: "குடுத்துட்டு வந்து கூழு வாங்கிக்க. முன்ன குடிச்சின்னா அக்கா சேத்துக்காது."

வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாக்னுஸ், பூசாரி மணிக்கட்டிலிருந்து அவிழ்த்த மஞ்சள் காப்புக் கயிற்றை ஆஸ்பத்திரிப் பட்டை என்று நினைத்து, அவர் எந்த ஆஸ்பத்திரி நோயாளி என்று கேட்டார். பிறகு, விரதமும் உடம்பை மாற்றுமே என்றார்.

"மாற்றட்டும். எல்லோரையும் ஒரே மாதிரி மாற்றியிருக்கிறது. அதற்கு மேலும் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில்தான் நம் சுவிட்ச் இருக்கும்" என்றேன்.

டென்மார்க் திரும்பிச் சோதித்தபோது முடிவு தெளிவாக வந்தது. ஐரோப்பிய ரத்தத்தில் தென்படாத சில சுவிட்சுகள் எங்கள் ஊர் ரத்தத்தில் தெரிந்தன. மாக்னுஸ் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். அன்று மதியம் அவர் எதிரில் நான் மோர் குடித்தேன்.

காப்பு கட்டியபின் வந்தவள், கணக்கில் சேர மாட்டேன் என்று தெரிந்தும் அந்த வரிசையில் நானும் கை நீட்டியிருந்தேன். ஆளுக்கொரு புள்ளியாக மரபணு எழுத்துகளை வைத்துப் போட்ட படத்தில் என் புள்ளி செல்வியின் ஊர்க்கூட்டத்துக்கு நட்டநடுவில் இருந்தது. மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று போட்ட படத்தில் அதே நான், ஊருக்கும் டென்மார்க்குக்கும் இடையில், பக்கத்தில் யாருமில்லாமல் தனியாக இருந்தேன். படத்தைச் செல்விக்கு அனுப்பினேன்.

"அடுத்த ஆடிக்குக் காப்பு கட்றதுக்கு முன்னமே வந்துடுக்கா," என்றாள். "எங்களோடவே தூங்கு, எங்களோடவே கூழு குடி. அந்தப் புள்ளி எவ்ளோ தூரம் வூட்டுக்கு வருதுன்னு பாக்கலாம்."