சித்தி கழுவிய பாட்டில்

என் சித்திக்கு 'சோப்பு' என்று பெயர் வைத்தவன் நான்தான். அதற்காக முதுகில் இரண்டு வாங்கினேன். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கழுவியதையே மறுபடி கழுவுகிற ஆள். புதுச் செருப்பு வாங்கினால் அதையும் கழுவித்தான் காலில் போடுவாள்.

ஐந்து வருடம் வெளியூரில் ஒரு மருந்து ஆலையில் வேலை பார்த்தாள். வருடத்துக்கு இரண்டு முறைதான் வீடு. அவள் மகள், எங்கள் வாண்டு, அவளை 'போன் அம்மா' என்று கூப்பிடும். நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அப்புறம் நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு எண்ணெய்க் கிணறு. எண்ணெயோடு கொஞ்சம் எரிவாயுவும் வரும். அந்தக் கொஞ்சத்துக்காக அவ்வளவு தூரம் குழாய் போட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. வருடக்கணக்கில் சும்மா கொளுத்திவிட்டார்கள். பிறகு ஒரு சின்னக் கம்பெனி கிணற்றுக்குப் பக்கத்திலேயே இயந்திரங்களை இறக்கியது. வாயுவை நீராவியோடு சேர்த்துச் சூட்டில் உடைத்து, வேறு மாதிரி ஒட்டவைத்தால் மெத்தனால். பார்க்கத் தண்ணீர் போலிருக்கும். குடித்தால் கண் போகும், பின்னாலேயே ஆளும் போவான். பலகை ஒட்டும் பசை செய்கிறவர்களுக்கு அது லாரி லாரியாக வேண்டும். அதில் கலந்திருக்கும் தண்ணீரைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்துக்கு, ஊர் திரும்பிவிட்ட சித்தி ஆபரேட்டர். வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம்.

முதல் லோடு திரும்பி வந்தது. கூடவே அனுப்பிய மாதிரி பாட்டிலில் தண்ணீர் அதிகமாம். இரண்டாவது லோடுக்குப் பசைக் கம்பெனி தன் சோதனைக்காரரையே கருவியோடு அனுப்பியது. நூறு லிட்டரில் நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது. மேசையில் இருந்த பாட்டில் ஒன்றில் பிடித்துச் சோதித்தார்; அவருக்கு நானூறு வந்தது. அப்புறம் நடந்ததை லாரிக்காரர்தான் எனக்குச் சொன்னார். சித்தி வாயிலிருந்து வராது.

"இதுவும் போச்சுன்னா மேலிடத்துல கடையை மூடச் சொல்லிடுவாங்கம்மா," என்றார் மேலாளர். "கோபுரத்தை நிறுத்து, பிரிச்சுப் பாக்கலாம்."

"கோபுரம் நல்லாத்தான் சார் ஓடுது. சூடு இம்மி நகரல."

"அப்ப தண்ணி என்ன, வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

சித்தி மேசையைப் பார்த்தாள். மாதிரி எடுக்கும் பாட்டில்கள், அவளே கழுவிக் கவிழ்த்தவை, வரிசையாக நின்றன. ஒன்றின் கழுத்தில் இன்னும் ஈரம். வாயை மூடிக்கொண்டால் பழி கோபுரத்தின் மேல் போகும். ஆலையே மூடினாலும் மூடும். திறந்தால் அவள் வேலை மட்டும் போகும். மறுபடி வெளியூர்தான்.

"நான்தான் சார்," என்றாள். "பாட்டிலை எல்லாம் தண்ணில கழுவி வச்சேன். முதல் லோடுக்கும்."

"யாரும்மா உன்னைக் கழுவச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். தூசியா இருந்துச்சு…"

"நல்லவேளை அக்கா, என் டேங்கர் உங்க கண்ணுல படல!" என்றார் லாரிக்காரர்.

சோதனைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் பையிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்தார். அதை மெத்தனாலாலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, நாலாவது முறை பிடித்தார். சித்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாளாம்.

அறுபது மில்லி. லாரி கிளம்பியது.

"நாளைக்கு நான் வரணுமா சார்?"

மேலாளர் அவளை ஒரு நிமிடம் முறைத்தார். "ஏழு மணிக்கு ஷிப்ட். லேட்டா வந்தா இருக்கு உனக்கு."

அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்தாள். வாண்டைப் பிடித்து முன்னால் உட்காரவைத்துத் தலை வாரத் தொடங்கினாள். சிக்கே இல்லாத முடியை வாரிக்கொண்டே இருந்தாள்.

"விடும்மா, வலிக்குது!"

"சும்மா இருடி. நாளைக்கும் நான்தான் வாருவேன், பழகிக்கோ."