கடப்பா பேசினில் ஒரு போர் பாயிண்ட்

நிலத்தடி நீர் சர்வே வேலையில் பெரும்பாலும் கல்லோடுதான் பேச்சு. மனுஷரோடு பேசத் தெரியாமல் நான் திணறிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

ரேணிகுண்டா தாண்டி மலையடிவாரத்தில் சாலோமி, ஏசுதாஸ் என்று ஓர் இளம் தம்பதி. சின்ன மாந்தோப்பு. அதில் போர் போட்டுத் தண்ணீர் கிடைத்தால் ஏசுதாஸ் ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை ஸ்ரீ சிட்டி கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்துத் தங்க வேண்டும். சாலோமிக்கு நிறைமாதம்.

நான் வழக்கம்போல ஆபீஸ் பாஷையில் ஆரம்பித்தேன். "உங்க நிலம் கடப்பா பேசின் ஓரத்துல வருது."

சாலோமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அடியில பேசின் இருக்குதாம். நீ எங்கயும் போவ வேணாம்" என்று புருஷனிடம் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பேசின், வீட்டில் பாத்திரம் ஊறப்போடுகிற பேசின். அதில் தண்ணீர் நிற்கும் அல்லவா?

அவசரமாகத் திருத்தினேன். "பேசின்தாம்மா, ஆனா காலி இல்ல. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மணல் வந்து விழுந்து ரொம்பி, அழுந்திக் கல்லாப் போச்சு. இந்த மலையே அந்தக் கல்லுதான். அதுல வெடிப்பு இருந்தாதான் தண்ணி."

"அப்போ வெடிப்பைத் தேடுங்க மேடம்" என்றான் ஏசுதாஸ்.

தேடினோம். தரையில் கம்பி அடித்து, கேபிள் இழுத்து, தோப்பு முழுக்க மண்ணுக்குள் கரண்ட் விட்டுப் பார்த்தோம். தண்ணீர் இருந்தால் மெஷினில் ரீடிங் இறங்கும். எங்கேயும் இறங்கவில்லை. சாலோமி மரத்தடியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே போர் போடலாம் என்று ஒப்புக்கு ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுத்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. நாலு நாளாவது அவள் சந்தோஷமாக இருப்பாள். சபலம் வந்தது, மறைப்பானேன்.

"போர் போடாதீங்கம்மா. தண்ணி வராது" என்றேன்.

ஏசுதாஸ் மலையைப் பார்த்து நின்றான். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "நீ போய்ட்டு வா. நான் நைனா ஊட்ல இருந்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்துடு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இல்லன்னு சொல்றதுக்கு உங்களுக்கே கஷ்டமாக்கீது. நின்னுக்கினே இருக்கிறீங்களே, உக்காருங்க மேடம்."

உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதிதாக சர்வேக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ரீடிங் இறங்காத இடத்தில் பாயிண்ட் போடாதீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு உடனே ஜீப்பில் ஏறவும் செய்யாதீர்கள்.