வாரிசு சான்றிதழுக்கு ரெண்டு சாட்சி

இன்னைக்குக் காலைல தாம்பரம் தாலுகா ஆபீஸ்.

அண்ணன் உயில் எழுதாமலே போய்ட்டான். செம்பாக்கத்துல அவன் இருந்த ஃப்ளாட்டை என் பேருக்கு மாத்தணும்னா முதல்ல வாரிசு சான்றிதழ் வேணுமாம்.

கவுன்டர்ல இருந்தவர் நல்ல மனுஷன். அப்பா, அம்மா, அண்ணன், மூணு பேரோட இறப்புச் சான்றிதழையும் பொறுமையா பார்த்தார்.

"அண்ணனுக்குக் கல்யாணம்?"

"ஆகல சார்."

"உங்களுக்கு?"

ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்ல. சும்மா கேட்டார். "இல்ல சார்."

"கூடப் பொறந்தவங்க வேற யாரு?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"அதை நீங்க சொன்னா பத்தாது மேடம். உங்க குடும்பத்தை நல்லா தெரிஞ்ச ரெண்டு பேர் வந்து, உங்களைத் தவிர வேற யாரும் இல்லைன்னு கையெழுத்து போடணும்."

நேரா அண்ணன் ஃப்ளாட்டுக்குப் போய் எதிர்வீட்டு அக்காகிட்ட கேட்டேன். "சாரை லிஃப்ட்ல பார்த்தா சிரிப்பேன்மா. பேரே நீ சொல்லித்தான் தெரியுது"ன்னாங்க.

பேங்க்ல, வாடகை அக்ரிமென்ட்ல, எங்க சாட்சி கேட்டாலும் அவனுக்கு நான் போடுவேன், எனக்கு அவன் போடுவான். மூணாவது ஆளுக்கு வேலையே இருந்ததில்ல.

அதனால கேக்கறேன். புதன்கிழமை காலைல தாம்பரம் பக்கம் யாராவது ரெண்டு பேர் ஃப்ரீயா? ஆதார் எடுத்துட்டு வந்தா போதும். டிபன் என் செலவு.

பொய் சாட்சி எல்லாம் இல்லீங்க. நிஜமாவே யாரும் இல்ல.