கதவுக்குப் பின்னால் தொங்கிய கயிறு

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்க இறங்குகிறவரின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். எழுதிவைத்த சட்டமில்லை, அதனால்தானோ என்னவோ, யாரும் மீறுவதில்லை. தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எந்த உடன்பிறந்தானும் விரும்பமாட்டான் என்பது கணக்கு. பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் எத்தனையோ பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு யோசித்துச் செய்த விதி ஒன்றைக்கூட அங்கே பார்த்ததில்லை.

அப்பாவின் கயிற்றை அம்மாவின் தம்பி, என் மாமா, பிடித்தார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அன்று கயிறு அசையவில்லை. மாமா அசைவுக்காகக் காத்திருந்தார். பொறுக்கமாட்டாமல் தானாகவே இழுத்தபோது, வந்தது அப்பாவின் உடல். விசாரிக்க வந்த அதிகாரிகள், கயிற்றில் குறையில்லை, பிடித்தவர்மேலும் குறையில்லை என்று முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். மாமா முடிக்கவில்லை.

அதன்பின் அவர் கயிறென்று எதையும் தொடவில்லை. எங்கள் வீட்டோடு வந்து தங்கி உப்பளத்து வேலைக்குப் போனார். கிணற்றில் தண்ணீர் இறைக்கமாட்டார். ஆட்டைக் கட்டச் சொன்னால் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பாவின் கயிறு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் சுருளாகத் தொங்கியது. அது கண்ணில் படாமலிருக்க, மாமா கதவைச் சுவரோடு தள்ளி எப்போதும் திறந்தே வைத்திருப்பார். விளைவாக, தெருக்கோழிகள் அனைத்தும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. உலகம் முழுக்க யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் கோழிகளுக்கும் நடந்தது. ஆனால் கதவைச் சாத்தச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுவருஷம் சங்கு குளிப்பு தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சித்தப்பா வந்தார். அம்மாவின் தங்கையைக் கட்டியவர், அவரும் குளியாளி. மாமாவை விட்டால் அவருக்கும் வேறு மைத்துனன் கிடையாது.

"மச்சான், வள்ளமெல்லாம் கடலுக்குப் போயாச்சு. நான் மட்டும் கரையில ஒக்காந்து நண்டுக்குக் கத சொல்லிக்கிட்டிருக்கேன். வாரீரா, இல்லியா?"

"வேற ஆளப் பாரும்," என்றார் மாமா.

"பாக்கத்தான் போறேன். நாளைக்கு எவன் கையிலயாவது கயித்தக் குடுத்துட்டு எறங்கிருவேன். பொறவு ஒம்ம தங்கச்சிக்கு நீரே பதில் சொல்லும்."

அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

சித்தப்பா போனதும் அம்மா கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். பித்தளைக் குடத்தின் கழுத்திலிருந்த சுருக்கை அவிழ்த்து, குடத்தைக் கிணற்றுச் சுவரின்மேல் வைத்து, நிதானமாக உள்ளே தள்ளிவிட்டாள். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த குடம் அது.

"ஏளா, வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, "ஐயோ, கொடம் போச்சே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் அடுத்தவர் பாவத்தைச் சொல்லத் தேவையில்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்ததால், நானும் கவலையின்றி வாயை மூடிக்கொண்டேன்.

மாமா ஓடிவந்து எட்டிப்பார்த்தார். "கொடத்தக் கொளுவி எடுக்கப் பாதாளக்கரண்டி எரவல் வாங்கிட்டு வாரேங்க்கா."

"அதையும் கயித்துல கட்டித்தாம்ல விடணும்."

அம்மா வீட்டுக்குள் போனாள். கதவு சுவரைவிட்டு விலகும் சத்தம் கேட்டது. சேலையை வரிந்து கட்டி, இடுப்பில் அப்பாவின் கயிற்றோடு திரும்பி வந்தாள். மறுமுனையை மாமாவிடம் நீட்டினாள்.

"பிடிலே."

"அக்கா, வேண்டாம். வேற யாரையாவது..."

"தெருவுல ஆளுக்கா பஞ்சம்? எனக்கு ஒடம்பொறந்தவன் நீ ஒருத்தந்தான். பிடிக்கலன்னா போ, நான் சும்மா எறங்குதேன்."

முனையைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றின் உள்படியில் கால் வைத்துவிட்டாள். கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் தூக்குகிறவர்போல மாமா கயிற்றை எடுத்தார்.

அம்மா புன்னைக்காயலில் ஆற்றிலேயே கிடந்து வளர்ந்தவள். முங்குவது அவளுக்குப் புதிதல்ல. உச்சிவெயில் நேராக விழுந்ததால் எனக்குக் கிணற்றின் அடிவரை தெரிந்தது. அவள் முங்கினாள். குடம் உடனே கைக்கு வந்தது. அதை மடியில் வைத்து, துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பிடித்தபடி, கீழேயே உட்கார்ந்துவிட்டாள். கயிற்றை அசைக்கவில்லை.

மாமாவுக்கு உள்ளே பார்க்கத் துணிவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தார். அது சும்மா கிடந்தது. "அசையலியே... அசையலியே, மாதாவே..." என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்; தோல் ஞாபகத்துக்கு வந்தது. மாமாவின் தொண்டையிலிருந்து வார்த்தையில்லாத ஒரு சத்தம் வந்தது. கிணற்றுச் சுவரில் காலை முட்டுக்கொடுத்துக் கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா குடத்தோடு மேலே வந்து, இருமி, மூச்சு வாங்கினாள். அப்பாவின் அடக்கத்தன்று அழாத மாமா, ஈரத்தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அம்மா தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முடியைப் பிழிந்தாள்.

"அன்னைக்கும் இப்டி இழுத்திருக்கணும்க்கா."

"அன்னைக்கு அன்னையோட போச்சுலே. இன்னைக்கு இழுத்தேல்லா? நாளைக்கு அவருக்கு இழு." பிறகு எழுந்தாள். "மீனப் பூன தூக்கியிருக்கும். வா."

மறுநாள் காலையில் ஆணி காலியாக இருந்தது. மாமாவும் சித்தப்பாவும் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். அம்மா வாசல் கதவை இழுத்துச் சாத்தினாள். கோழிகள் வெளியே நின்று நியாயம் கேட்டன.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "கொடம் கையில இருந்துச்சேம்மா, ஏன் கயித்த அசைக்கல?"

"மறந்துட்டேம்ளா," என்றாள்.

நான் நம்பினேன். அசையாத கயிற்றை மாமா இழுத்ததும் தப்பு, அசைக்க வேண்டியவள் மறந்ததும் தப்பு. இரண்டு தப்புகள் சேர்ந்து தற்செயலாகச் சரியாகிவிட்டன என்று முடிவுகட்டினேன். ஒரு குளியாளியோடு குடும்பம் நடத்தியவளுக்கு இந்தச் சின்ன நடைமுறைகூடத் தெரியவில்லையே என்று, அம்மாமேல் வெகுநாள்வரை எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.