இரண்டு கோஷ்டி

இந்த ஊரில் கவிதையை வாயை மூடிக்கொண்டு படிக்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு வந்த புதிதில் அது பிடித்தே இருந்தது. வட இங்கிலாந்தில் ஒரு மில் ஊர்ப் பள்ளிக்கூடம். முப்பது பிள்ளைகள் புத்தகத்தில் கண்ணை நட்டு உட்கார்ந்திருக்கும். அடடா, என்ன அடக்கம் என்று பூரித்துப்போய் ஹெட்மாஸ்டரிடம் சொல்லியும் விட்டேன். "அடக்கமில்லை அம்மா, தூக்கம்" என்றார் அவர். வெள்ளிக்கிழமை என் வகுப்பில் வந்து உட்காருவாராம். அதைப் பார்த்துத்தான் என்னை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். மானம் கப்பலேறிவிட்டது.

நான் நடத்த வேண்டியது அவர்கள் நாட்டு மகாகவி ஒருவரின் பாட்டு. புகழ்பெற்ற கவிஞர் என்பதுதான் தொல்லையே. முன்வரிசை மார்கரெட், "இதை எங்க அம்மாவும் படிச்சாங்க, அவங்களுக்கும் பிடிக்கலை மிஸ்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வாயாடி!

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளியிலும் இதே பாடுதான் பட்டேன். முசிறி வாழைத்தோட்டத்துக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு அதுதான் முதல் வேலை. கொள்ளிடப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போவேன். அது நம்முடைய பெருங்கவிஞர் ஒருவரின் பாட்டு. ரேடியோவிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்த பாட்டு. நான் உருகி உருகிப் பதவுரை சொல்ல, பெண்கள் ஜன்னல் வழியே குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் புத்தகத்தை மேஜையில் அடித்தேன். அப்போது வேதவல்லி எழுந்தாள். உத்தர வீதிக்காரி, கோயில் கைங்கர்யக் குடும்பம்.

"கோச்சுக்காதீங்கோ டீச்சர். பெருமாள் சன்னிதியில எங்கப்பாவெல்லாம் ரெண்டு கோஷ்டியா நின்னு பாசுரம் சேவிப்பா. இவா ஒரு அடி சொன்னா, அவா அடுத்த அடி. பொம்மனாட்டிகள் தள்ளி நின்னு கேக்கறதோட சரி. இங்க நாங்க அப்படிச் சொல்லிப் பாக்கப்படாதோ?"

"சொல்லுங்கடி பார்ப்போம்" என்றேன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நின்றது. ஒரு பக்கம் வேதவல்லி தலையை ஆட்டி, சன்னிதியில் சேவிப்பதுபோல இழுத்து எடுத்துக் கொடுத்தாள், மறுபக்கம் நான். அதுவரை பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்த அந்தப் பெண்கள் எப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள்! ஓட்டுக்கூரை அதிர்ந்தது. தலைமையாசிரியை ஓடிவந்து, "என்னங்க டீச்சர், இது கிளாஸா கோயிலா?" என்று கேட்டவர், போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். என் ஆசிரிய வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது.

அடுத்த சில வருஷங்களில் கல்யாணமாகி, இவருக்கு இங்கே மில்லில் இன்ஜினியர் வேலை கிடைத்து, கம்பளிக்கோட்டுக்குள் புடவையைத் திணித்துக்கொண்டு நடக்கும் ஊருக்கு வந்துசேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வருவது வரட்டும் என்று பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொல்லிப் பிள்ளைகளை இரண்டு பக்கமாக நிறுத்தினேன். ஹெட்மாஸ்டர் பதறி எழுந்தார். "மேடம், சண்டையா மூட்டுகிறீர்கள்?"

"இல்லை சார், கவிதை நடத்துகிறேன்."

முதலில் கிண்டலும் சிரிப்புமாக இருந்தது. நான்கு அடி போனதும் எதிர்ப்பக்கத்தைத் தோற்கடிக்கும் வெறி வந்துவிட்டது. கடைசிச் செய்யுளுக்கு மார்கரெட் எதிர்ப்பக்கம் போய் நின்று, "நான் நின்ன பக்கம் ஒரு ஆள் குறையுது. நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவர்கள் கவிஞரின் வார்த்தைகள்தான்; ஆனால் என் தொண்டையிலிருந்து வந்தது சன்னிதி இழுவை. பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டரின் ஷூ தரையில் தாளம் போட்டதைப் பார்த்தேன். வேலை நிலைத்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடியை முடித்துவிட்டு, பழக்கதோஷம், அடுத்த அடிக்காக நிமிர்ந்து வேதவல்லியைத் தேடினேன். எதிரே நின்ற மார்கரெட், அவளைப் போலவே தலையை ஆட்டி இழுத்து, அதை எடுத்துச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.