பார்சிப்பனியில் வள்ளி கும்மி

வான்மதியை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பார்சிப்பனியில் ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த 2022-இல், காலியான ஆபீஸ் கட்டடம் ஒன்றுக்கு நேர் எதிரே வரிசையாகக் கடைகள் இருந்த பிளாசாவில் டிபன் கடை திறந்திருந்தாள். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் காரை எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள்? "கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே நீ" என்று முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கணவர் அனந்தராமன் இதை இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பதினோரு வருஷம் யோசிச்சுட்டேனுங்க்கா. போதும்" என்று சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினாள்.

அந்தப் பதினோரு வருடக் கதையைப் பிறகு தெரிந்துகொண்டேன். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். எம்.சி.ஏ. படித்தவள். கதிரைக் கல்யாணம் செய்துகொண்டு எச்-ஃபோர் விசாவில் வந்து இறங்கினாள். கணவனோடு இருக்கலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்கிற விசா அது. வேலை அனுமதிக்கு அப்ளை பண்ணும் நேரம் வரும்போதெல்லாம் கதிரின் கம்பெனி மாறும், பேப்பர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். குழந்தை கிடையாது. காலையில் கதிர் கிளம்பிப் போனால் ஜன்னலும் அவளும்தான். எந்த நாளில் எந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் என்று கேளுங்கள், இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வாள். அனுமதி கைக்கு வந்த மூன்றாவது மாதம் கடையைத் திறந்தாள். அதன் பிறகு அவளிடம் யோசனை பற்றிப் பேச எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் நான் பயந்தது நடந்தது. பிளாசாவில் ஒன்பது கடைகள். இரண்டே வருடத்தில் ஆறு பூட்டிக்கொண்டன. மிஞ்சியது ஒரு சலூன், ஒரு லாண்டரி, வான்மதி. பிளாசாவின் சொந்தக்காரர் கோஸ்டெல்லோ, எழுபது வயதுக்காரர், ஒரு நாள் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சாமான்கள் போட்டுவைக்கும் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி மொத்த இடத்தையும் கேட்கிறது. கோடை முடிவதற்குள் இங்கே மனித நடமாட்டம் வந்தால் விற்காமல் வைத்துக்கொள்வார், வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவார். மனிதர் இதை மரியாதையாகச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை, காலியாகக் கிடந்த பார்க்கிங் லாட்டில் வான்மதி மூன்று தோழிகளோடு கும்மி தட்டினாள். வேறொன்றுமில்லை, அழுகை வராமல் இருக்கத்தான். தோசைக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த வாரம் முப்பது.

கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கம் இப்போது வள்ளி கும்மி என்றால் ஊரே கிறுக்காகத் திரிகிறதாம். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் நிற்க, ஆசிரியர் மைக்கில் வள்ளி முருகன் கதையைப் பாட, மணிக்கணக்கில் ஆட்டம். இரண்டு மூன்று மாதம் பழகி முறையாக அரங்கேற்றம் செய்வார்கள். வான்மதிக்கு அது நன்றாகத் தெரியும். ஆகஸ்ட் மாதம் இதே பார்க்கிங் லாட்டில் அரங்கேற்றம் என்று அறிவித்துவிட்டாள்.

"டான்ஸ் ஆடுனா கடை எப்படி பொழைக்கும்?" என்று கேட்டேன்.

"ஆடுனா பசிக்குமுங்க்கா" என்றாள். அவ்வளவுதான் அவள் பிசினஸ் பிளான்.

வாட்ஸ்அப் குழு வந்தது. சேலை நிறத்துக்கு ஓட்டெடுப்பு நடந்து, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகி, மறுநாளே திரும்பி வந்தார்கள். மாம்பழ மஞ்சள் ஜெயித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சனிக்கிழமைதோறும் போய், வான்மதியின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று பழகினார்கள். வெஸ்ட் வின்ட்சர், எடிசன் என்று தூரத்தில் இருந்தவர்களும், பக்கத்திலேயே இருந்தும் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்க மனம் வராத என்னைப் போன்றவர்களும் அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பழகினோம். எல்லாரும் சேர்ந்து ஆடுவதாக இருந்த ஒரே ஒத்திகை நாளில் மழை கொட்டியது. "பாட்டும் ஒண்ணு, அடவும் ஒண்ணு, பாத்துக்கலாமுங்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

அரங்கேற்றத்தன்று காலை பத்து மணிக்குத் தொண்ணூறு பெண்கள், இருபது ஆண்கள். அனந்தராமன் வேட்டிக்குள் முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்கள் எதிர் ஆபீஸ் வாசல் வரை நின்றன. சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்றார். கோஸ்டெல்லோ மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிடங்குக் கம்பெனிக்காரர்களின் பேப்பர் அவர் காரிலேயே இருக்கிறது என்று கதிர் என் காதில் சொன்னான்.

முதல் பாட்டு நின்ற இடத்திலேயே கைதட்டுவது. பிரமாதமாகப் போயிற்று. இரண்டாவது பாட்டில் வட்டம் நகர வேண்டும். நகர்ந்தது. பாதிப் பேர் வலப்பக்கம் போனார்கள், பாதிப் பேர் இடப்பக்கம். ஒரு பல் டாக்டரம்மாவின் நெற்றியும் என் நெற்றியும் டணாரென்று மோதிக்கொண்டன. வளையல் உடைந்தது, யாரோ யார் காலையோ மிதித்தார்கள், அனந்தராமனைக் காணவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேரில் பழகியவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். வீடியோவில் அவள் எங்களைப் பார்த்து நின்றாள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல நாங்கள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிப் படித்திருந்தோம். மூன்று மாதமும் இது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. இத்தனைக்கும் எங்களில் முக்கால்வாசிப் பேர் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

வான்மதியைப் பார்த்தேன். அரங்கேற்றத்தில் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது.

அவள் நிறுத்தவில்லை. அதே மெட்டில், அதே தாளத்தில், வள்ளியை அப்படியே தினைப்புனத்தில் நிற்கவைத்துவிட்டுப் பாடினாள்: "வீடியோல பழகுனவங்க உள்ள வாங்க, நேர்ல பழகுனவங்க வெளிய போங்க!"

சிரித்துக்கொண்டே ஓடினோம். உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றின. ஒவ்வொரு கைதட்டுக்கும் எதிரே புதிதாக ஒரு முகம் வந்தது. நாலாவது சுற்றில் வேடிக்கை பார்த்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள், சலூன்காரர் உட்பட. முடிந்ததும் கோஸ்டெல்லோ எழுந்து நின்று கை தட்டினார். இந்த இரட்டை வட்டத்தை யோசித்து உண்டாக்க எவ்வளவு காலம் ஆனது என்று கதிரைக் கேட்டார். "த்ரீ மந்த்ஸ்" என்றான் அவன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டிபன் கடை வரிசை லாண்டரி வாசலைத் தாண்டியது. மூன்று மணிக்கு மாவு தீர்ந்தது. பூட்டிய கடைகளில் ஒன்றைப் பாட்டு வகுப்புக்கும் இன்னொன்றை மளிகைக்கும் கேட்டு இரண்டு பேர் கோஸ்டெல்லோவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து கழன்றுகொண்டு அவர் சமையலறை வாசலுக்கு வந்தார். சனிக்கிழமைதோறும் இப்படி நடக்குமா என்று கேட்டார். வான்மதி தலையாட்டினாள். அப்படியானால் இடத்தை விற்கவில்லை, இன்றைக்கே கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி, பணியாரத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வான்மதி அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். மாம்பழ மஞ்சள் சேலையெல்லாம் மாவு.

"நல்ல சேதிதானே சொல்லிட்டுப் போனார்? எதுக்கும்மா அழற?" என்றேன்.

"திங்கக்கெழம காலைல எந்திரிச்சா எனக்குப் போறதுக்கு ஒரு எடம் இருக்குதுங்க்கா" என்றாள்.

மூட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.