மூன்று முறை திரை கேட்ட பாண்டிமீனா

பாண்டிமீனாவைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும், "அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்றுதான் முதலில் சொல்வார்கள். இருதய அடைப்புக்குக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில், பதினாறு வருடமாக அவருடன் வேலை பார்க்கும் டெக்னீஷியன் நான், கிரிதரன். அவருக்கு வாய் ஜாஸ்தி இல்லை. எங்களுக்குத்தான் வாயே இல்லை.

பேரையூர்ப் பக்கம் பிறந்தவர். அவருடைய அம்மா கடைசிவரை அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த கதையைப் பாண்டிமீனா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது பரிதாபம் தேட மாட்டார். "தலைய வலிக்கும்ணே, அதோடயே கணக்குப் போடுவேன்" என்பார். அப்படிப் படித்து நர்ஸ் ஆனவர்.

இருதயத்தில் அடைப்பு எடுக்க, மணிக்கட்டிலோ தொடையிலோ ரத்தக்குழாயைத் துளைத்து ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். தொடை வழியாகச் செய்தால், குழாயை உருவியபின் அந்தத் துளையை இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். துளை பிய்த்துக்கொண்டால் ரத்தம் வெளியேதான் வரும் என்றில்லை. உள்ளுக்குள்ளேயே இடுப்புக்குப் பின்னால் போய்த் தேங்கும். மேலே ஒரு சொட்டுகூடத் தெரியாது, ஆள் போய்விடுவார். பாண்டிமீனா அழுத்திய தொடையில் நீலம் பாய்ந்துகூட நான் பார்த்ததில்லை.

ஆறு மணி நேரம் என்றால் இடையில் சிறுநீர் வராதா? படுத்தபடியே பெட்பேனில் போக வேண்டும். சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்க வைக்கும் எட்டுக் கட்டில் ஹாலில் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்துக் கிடப்பார்கள். மறைப்பதற்கு இருந்த நான்கு திரைகளையும் திருமங்கலத்தில் நடத்திய இலவச இருதய முகாமுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போட்டோவில் முகாம் கண்ணியமாகத் தெரிய வேண்டுமாம். போன திரைகள் வரவேயில்லை. பாண்டிமீனா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "அடுத்த முகாமுக்கு வேணுமே சிஸ்டர். பெட்ஷீட்ட வச்சு மறைச்சுக்க வேண்டியதுதானே" என்று நிர்வாக மேலாளர் ஹரிநாராயணன் சிரித்தார். நாங்களும் கூடச் சிரித்தோம்.

அந்த முகாமில் கண்டுபிடித்து அனுப்பப்பட்டவர்தான் மலையம்மாள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. மணிக்கட்டில் ரத்தக்குழாய் வளைந்து வளைந்து போனதால் தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தோம். நல்லபடியாக முடிந்தது. பாண்டிமீனா அழுத்திக் கட்டுப்போட்டு, "கால மடக்காதீங்க ஆத்தா, எந்திரிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்காக லேபுக்குள் வந்துவிட்டார்.

மலையம்மாளுக்கு வலப்பக்கக் கட்டிலில் ஒரு கடைக்காரர், இடப்பக்கம் ஒரு வாத்தியார். மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆயா பெட்பேனை நீட்டியபோது வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார். ஆயா நகர்ந்ததும் கணவர் சோணையின் தோளைப் பிடித்து எழுந்து, பாத்ரூம் வரை நடந்து, குந்தி உட்கார்ந்து, திரும்பி வந்து படுத்துக்கொண்டார். திட்டுவார்கள் என்று இருவரும் மூச்சு விடவில்லை.

அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது என்றார். டூட்டி டாக்டர் வந்து கட்டுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தார். ரத்தம் இல்லை. வாயு வலி என்று ஊசி எழுதிவிட்டுப் போனார்.

லேபிலிருந்து வெளியே வந்த பாண்டிமீனா, மலையம்மாளின் நெற்றியைத் தொட்டார். ஜில்லென்று வியர்த்திருந்தது.

"ஆத்தா, எந்திரிச்சீங்களா? நெசத்தச் சொல்லுங்க."

"இம்புட்டு ஆம்பளைக நடுவுல எப்புடித் தாயி போறது?"

அவ்வளவுதான். பாண்டிமீனா மானிட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலில் ஏறி நின்று உடம்புப் பாரம் முழுவதையும் அந்தத் தொடையில் இறக்கினார். "அண்ணே, பிரஷர் எழுபது! லேபத் தொறங்க, ரத்தம் சொல்லுங்க! சார், இது வாயு இல்ல, உள்ளுக்குள்ள கொட்டுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் பெரிய டாக்டர் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சர் நகரும்போதும் பாண்டிமீனா கையை எடுக்கவில்லை.

டாக்டர் மறுகால் வழியாகக் குழாய் விட்டு, கசியும் இடத்துக்கு நேராக ஒரு சின்ன பலூனை ஊதி உள்ளிருந்து அடைத்தார். பத்து நிமிடம் கழித்துச் சாயம் செலுத்திப் பார்த்தோம். இன்னும் கசிந்தது. மறுபடி பத்து நிமிடம். நின்றது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினோம். மலையம்மாள் பிழைத்தார்.

மறுநாள் அறிக்கை வந்தது. 'நோயாளி அறிவுரையை மீறி எழுந்து நடந்ததால் ஏற்பட்ட விளைவு.' ஒரே வரி. டூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டார். பெரிய டாக்டரும் போட்டார். காகிதம் என் முன்னால் வந்தது. நானும் போட்டேன்.

பாண்டிமீனா போடவில்லை.

"மீறி எந்திரிச்சாங்களா? துணிய வெலக்கிட்டு ரெண்டு ஆம்பளைக்கு நடுவுல போகச் சொன்னோம், அவங்க போகல. உங்க வீட்டம்மா போவாங்களா சார்?" என்று ஹரிநாராயணனைக் கேட்டார். அந்த ஒரு வரிக்குக் கீழே, திரை இல்லாததையும், தான் எழுதிக் கொடுத்த மூன்று தேதிகளையும், வாயு வலிக்கு ஊசி போட்ட நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அவரைப் புறநோயாளிகள் டோக்கன் மேசைக்கு மாற்றினார்கள். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திய கை டோக்கன் கிழிக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மலையம்மாள் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நானும் ஹாலில் இருந்தேன். எல்லாம் உங்களால் வந்த வினை என்று ஹரிநாராயணன் ஏற்கெனவே அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். சோணை பையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மலையம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புத்தி கெட்டுப்போயி எந்திரிச்சுட்டேன் தம்பி. என்னாலதான் உங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. அந்தப் புள்ளயவும் எங்கயோ மாத்திப்புட்டாகளாம். மன்னிச்சிருங்க."

தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஹரிநாராயணன் நான்கடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா. இனிமேயாவது சொன்ன பேச்சக் கேளுங்க" என்றேன்.